பாலைமலை ஏற்றம்: வெறுங்காலா, செருப்பா, பூட்ஸா?

பாலைவன மலையில் வெறுங்காலோடு ஏற முடியுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தை மனதில் வைத்தே கேட்கிறார்கள். ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பதில் எளிது. கால் பழகியிருந்தால், குளிர்ந்த மாதத்தில், நல்ல பாறையில், தாராளமாக ஏறலாம். விடிந்ததுமே கிளம்புகிறோம். பாறை இரவெல்லாம் ஆறிக் கிடக்கிறது. காலில் களைப்பு இல்லை. மேல்நோக்கி வைக்கும் அடி மெதுவாகவும் பதமாகவும் விழுகிறது.

அதே பாதையில் திரும்பி வரும்போதுதான் சிக்கல். வெயில் ஏறியிருக்கும். தொடை தளர்ந்திருக்கும். ஒவ்வொரு அடியும் உடம்பின் கனத்தைத் தாங்குவதோடு அதைத் தடுத்தும் நிறுத்த வேண்டியிருக்கும். காலையில் சுகமாக இருந்த கல் இப்போது பொசுக்கும். ஆகவே காலில் என்ன போடுவது, போடாமல் விடுவது என்ற முடிவை இறக்கத்தை வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முழுக்க வெறுங்கால், பின்வார் வைத்த செருப்பு, அடி மெல்லிய ஷூ, கனத்த மலையேற்ற பூட்ஸ் ஆகிய நான்கையும் இங்கே அந்தக் கண்ணோடுதான் எடைபோடுகிறேன். இவற்றைக் கலந்து கையாளும் ஐந்தாவது வழியும் உண்டு. பலருக்கும் நான் சொல்வது அதைத்தான்.

முதலில் பாறை

பாலைமலை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். காலுக்கு ஒவ்வொரு மலையும் வேறு.

வெறுங்காலுக்கு மிக இணக்கமானது மணற்கல். அகலமான சரிவுகள், நுண்ணிய சொரசொரப்பு, குறைவான பொடிக்கல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மணற்கல் மேடுகளும் ஜோர்டானின் வாடி ரம் மலைகளும் இந்த வகை. இப்படிப்பட்ட காய்ந்த சரிவில் விரல்களை விரித்து ஊன்றும் கால் எந்த ரப்பருக்கும் சளைத்ததில்லை. மழை பெய்து ஓரிரு நாள் ஆகாத மணற்கல்லை மட்டும் நம்பக் கூடாது. ஈரத்தில் அதன் உறுதி குறையும், பிடிக்கிற விளிம்பு கையோடு பெயர்ந்து வரும். இது வெறுங்கால், பூட்ஸ் எல்லோருக்கும் பொது.

கருங்கல் மலை பாதி நண்பன், பாதி எதிரி. பாறை முழுசாக இருக்கும் இடத்தில் கால் அருமையாக நிற்கும். ஆனால் காலப்போக்கில் கருங்கல் உதிர்ந்து, முனை மழுங்காத படிகத் துகள்களாகப் பாதையெங்கும் கொட்டிக் கிடக்கும். கெட்டிப் பாறைமேல் இந்தத் துகள் பரவியிருந்தால் எந்த அடிக்கும் பிடிப்பு கிடையாது. வெறுங்காலுக்கு அதோடு வலியும் சேரும். எகிப்தின் சினாய் மலை 2,285 மீட்டர் உயரமுள்ள கருங்கல் மலை. அதில் ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஒட்டகம் போகும் நீண்ட, சரளை நிறைந்த பாதை. மற்றொன்று சுமார் 3,750 கல் படிகள் கொண்ட செங்குத்தான வழி. வெறுங்காலை மட்டும் கருதினால் நான் படிகளின் பக்கம்தான். கல்மேல் வைக்கும் அடி சரளைமேல் வைக்கும் அடியைவிட எப்போதும் மேல். ஆனால் மூட்டுக்கு அந்தப் படிகளின் இறக்கம் கடுமை. இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் கணக்கு இந்த விஷயம் நெடுகிலும் வரும்.

எரிமலைக் குழம்பு இறுகிய பாறை, தகடு தகடாகப் பெயரும் பலகைக்கல், மழைநீர் அரித்துக் கூர் தீட்டிய சுண்ணாம்புப் பாறை. இந்த மூன்றிலும் வெறுங்கால் வேண்டாம். எவ்வளவு காய்ப்பு ஏறிய காலாக இருந்தாலும் கண்ணாடிச் சில்லுபோல் உடைந்த விளிம்பு அதை அறுத்துவிடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெறுங்கால் என்றால் மண்ணுக்கு நோகாது என்று பலர் நம்புகிறார்கள். பாலையின் மேல்மண்ணில் நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து கட்டிய கருத்த, மொறமொறப்பான ஓர் ஏடு சில இடங்களில் படர்ந்திருக்கும். காற்றில் மண் பறக்காமல் பிடித்து வைப்பது அதுதான். ஒரு மிதியில் நொறுங்கினால் மறுபடி வளரப் பல்லாண்டுகள் பிடிக்கும். அதற்கு வெறுங்காலும் பூட்ஸும் ஒன்றே. பாதையை விட்டு விலகாதீர்கள்.

சூடு

முழு வெறுங்கால் என்ற முடிவை வெல்வதும் வீழ்த்துவதும் சூடுதான். முள்ளைப் பார்த்து விலகலாம், கூர்க்கல்லைச் சுற்றிப் போகலாம். பாதை முழுக்கக் கொதித்தால் விலக இடமில்லை.

வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை தரைக்கு மேலே நிழலில் அளந்த காற்றின் சூடு. பாறையின் சூடு அதுவல்ல. காற்று 30 டிகிரி செல்சியஸ் காட்டும் நாளில் வெயிலில் கிடக்கும் கருத்த பாறை 50-ஐத் தாண்டுவது சாதாரணம். பாலைப் பாறைகள் பலவற்றின் மேல் இரும்பும் மாங்கனீசும் கலந்த கரும்பூச்சு காலங்காலமாகப் படிந்திருக்கும். அது வெயிலை இன்னும் கூடுதலாக விழுங்கும். ஒரே பாதையில் வெளிர்நிறப் பாறை தாங்கும்படியும், பத்தடி தள்ளிக் கருநிறப் பாறை தாங்க முடியாதபடியும் இருப்பது இதனால்தான்.

1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் தோல் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் வெந்துபோகும் என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். இன்றும் தீக்காயம் பற்றிய பேச்சில் அந்த அளவுகள் எடுத்தாளப்படுகின்றன. தோலின் மேற்பரப்பு 44 டிகிரியில் இருந்தால் மீளாத காயம் ஏற்பட சுமார் 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் சில விநாடிகள் போதும். நடுவில் உள்ள ஏணி இவ்வளவு செங்குத்தானது. அதனால்தான் சற்று முன்புவரை நன்றாக இருந்த தரை, மேலும் ஐந்தாறு டிகிரி ஏறியதும் நடக்கவே முடியாததாகிவிடுகிறது. உள்ளங்கால் தோல் உடம்பிலேயே தடித்தது. அது கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். ஆனால் நடையில் ஒவ்வொரு காலும் பாதிக்கு மேற்பட்ட நேரம் தரையில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் அடி மெதுவாகும்போது அந்த நேரம் இன்னும் நீளும். ஓடிக் கடக்கலாம் என்று சூடான சரிவில் ஓடுபவர்கள் கல் தடுக்கி விழுந்து கையையும் சேர்த்துப் பொசுக்கிக்கொள்கிறார்கள்.

கல்லும் மணலும் சூட்டைத் தருகிற விதம் வேறு. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் கருங்கல் தன் சூட்டை வேகமாகக் காலுக்குள் தள்ளும். உலர்ந்த மணலின் மணிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் அது மெதுவாகத்தான் தரும். ஆனால் அதே காரணத்தால் வெயிலின் சூடு மணலின் ஆழத்துக்கு இறங்காமல் மேலேயே தேங்கி, மணல் பாறையைவிட அதிகமாகக் கொதிக்கும். போதாததற்குக் கால் புதையும். உள்ளங்கால் தாங்கினாலும் விரலிடுக்கிலும் மேல்பாதத்திலும் உள்ள மெல்லிய தோல் தாங்காது. மாலையில் நிலைமை தலைகீழ். மணல் சீக்கிரம் ஆறும். பாறை பொழுது சாய்ந்து நெடுநேரம் வரை சூட்டை வைத்திருக்கும். சூரியன் மறைந்ததும் வெறுங்காலில் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். வடகோளத்தில் தெற்கு நோக்கிய சரிவும், எங்குமே பிற்பகலில் மேற்கு நோக்கிய சரிவும் கடுமையாகச் சுடும். காலையில் மேற்குச் சரிவில் ஏறி, பத்து மணிக்குள் அதே பக்கம் இறங்கினால் பாதி வழி மலை நிழலிலேயே கழியும். வெறுங்காலுக்கு இதைவிட நல்ல திட்டம் இல்லை.

சூட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. புறங்கையைப் பாறைமேல் அழுத்தி வைத்து நிதானமாக ஏழு எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியாவிட்டால் அந்தத் தரை வெறுங்காலுக்கு ஆகாது. கையடக்கமான அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. நான் வைத்துக்கொண்ட எல்லை 45 டிகிரி. அதைத் தாண்டியதும் கால் பழகியிருக்கிறதா என்ற பேச்சுக்கே இடம் தராமல் செருப்பை மாட்டிவிட வேண்டும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கேமல்பேக் மலைப் பாதைகளைக் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகல் நேரத்தில் மூடிவிடுகிறார்கள். பூட்ஸ் போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தடை. அத்தகைய நாட்களில் காலணி எது என்பதே கேள்வி இல்லை. மலைக்குப் போகக் கூடாது.

குளிரையும் மறக்க வேண்டாம். பாலையில் பாறை மிகவும் குளிர்ந்திருப்பது விடியலுக்குச் சற்று முன்புதான். குளிர்காலத்தில் உயரமான பாலைமலை உச்சிகளில் நீர் உறையும். கால் மரத்துப்போனால் வெறுங்காலின் முதல் பயனான தொட்டுணர்வே போய்விடுகிறது. கல் அறுத்ததுகூடத் தெரியாமல் நடந்துகொண்டிருப்போம். மரத்த காலோடு வெறுங்காலில் நடப்பதில் இழப்பு மட்டும்தான் உண்டு. விரல்களை மடக்கி விரித்தால் உணர்வு தெரியாதபோது, ஏற்றமாக இருந்தாலும், ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெறுங்கால் தருவது என்ன

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் வெறுங்கால்? நல்ல பாறையில், நல்ல நேரத்தில், அது தரும் நடையை வேறெதுவும் தராது என்பதால்தான். எங்கே கால் வைக்கிறோம் என்பது உடனுக்குடன் தெரிகிறது. ஆடும் கல்லை முழுக் கனம் இறங்கும் முன்பே பாதம் கண்டுபிடித்துவிடுகிறது. அடி தானாகவே குறுகுகிறது, மென்மையாகிறது. கணுக்கால் மடங்கிச் சுளுக்குவது தடித்த அடி கொண்ட ஷூவைவிடக் குறைவு என்பது என் அனுபவம். பாதம் தரையை ஒட்டி இருக்கையில் அது உருள்வதற்கு உயரமே இல்லை.

காய்ப்பு ஏறினால் உணர்வு மழுங்கிவிடும் என்று ஓர் எண்ணம் உண்டு. 2019-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதைச் சோதித்தது. கென்யாவில் வெறுங்காலில் நடந்து பழகியவர்களின் காய்ப்பு தடிமனாக இருந்தது. ஆனால் நடக்கும்போது தரையை உணரும் திறன் அதனால் குறையவில்லை. மெத்தென்ற ஷூ அடியால் அப்படிச் செய்ய முடியாது. பாதுகாப்பைக் கொடுத்துவிட்டு உணர்வை வாங்கிக்கொள்ளும்.

காலில் எடை இல்லாததும் பெரிய லாபம். முதுகில் சுமக்கும் எடையைவிடக் காலில் சுமக்கும் அதே எடை பல மடங்கு உழைப்பைக் கேட்கும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வீசி நிறுத்த வேண்டுமே.

இழப்பதும் நிறைய. முதலாவது வேகம். சரளையில் நடை பாதியாகிவிடும். பாலையில் மெதுவாக நடப்பது தனி ஆபத்து. நேரம் நீண்டால் தண்ணீர் தீரும், வெயில் ஏறும், தரை சுடும், அதனால் நடை இன்னும் மெதுவாகும். இரண்டாவது, பார்வை எந்நேரமும் தரையிலேயே இருக்க வேண்டும். சுற்றிலும் பார்க்க விரும்பினால் நின்று பார்க்க வேண்டும். மூன்றாவது பித்தவெடிப்பு. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம், எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துபோக, காய்ப்பு ஏறிய குதிகால் பிளக்கும். ஒரு சின்ன வெடிப்பு ஆழமாகிவிட்டால் அடுத்த சில நாட்கள் நடக்கவே முடியாது. முதல் நாள் இரவே களிம்போ எண்ணெயோ தடவி, தடித்த ஓரங்களைத் தேய்த்துச் சமன் செய்துகொள்வது நல்லது. கிளம்பும் முன் தடவினால் பாறையில் வழுக்கும்.

முள்

பாலையின் செடிகள் தங்கள் நீரைக் காப்பாற்ற முள் வளர்த்திருக்கின்றன. எல்லா முள்ளும் ஒன்றில்லை.

நெருஞ்சி உலகின் வறண்ட நிலங்களில் பரவலாக இருக்கிறது. எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும். வெறுங்காலில் சுருக்கென்று தைத்தால் உடனே நின்று பிடுங்கிவிடுவோம், பெரிய பாதிப்பு இல்லை. கருவேலம், உடைமரம் வகையின் நீண்ட முள் வேறு. அது மெல்லிய ரப்பர் அடியையும் துளைக்கும். அடியில் சிக்கி ஒடிந்து, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இன்னும் கொஞ்சம் ஏறும்.

அமெரிக்காவின் சோனோரன் பாலையில் சோயா என்றொரு கள்ளி உண்டு. லேசாக உரசினாலே கணு கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். அதன் முள்ளில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் குத்திய வழியே திரும்பி வராது, கையால் பிடித்தால் கையிலும் ஏறும். அந்தப் பகுதியில் நடப்பவர்கள் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பது இதற்காகத்தான். சீப்பின் பற்களைத் தோலுக்கும் கணுவுக்கும் நடுவே விட்டு ஒரே வீச்சில் தட்டிவிடுகிறார்கள். சப்பாத்திக்கள்ளியின் கண்ணுக்குத் தெரியாத நுண்முட்கள் இன்னொரு தொல்லை. அவற்றுக்கு நுனி கூரான இடுக்கியும் பொறுமையும் வேண்டும். இத்தகைய கள்ளிகள் உதிர்ந்து கிடக்கும் சரிவில் வெறுங்கால் கூடாது. பக்கங்கள் திறந்திருக்கும் செருப்பும் இங்கே பெரிதாக உதவாது.

முள்ளைப் பொறுத்தவரை ஷூ முழுப் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. ரப்பர் அடியும் நுரைத் தட்டும் கொண்ட ஷூவைத் துளைத்து முள்ளோ ஆணியோ குத்தினால், ஈரமான அந்த நுரையில் வாழும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா காயத்துக்குள் போய் எலும்புவரை தொற்றக்கூடும். மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த சிக்கல் இது. ஆழமான குத்து எதுவும், எதைப் போட்டிருந்தாலும், அலட்சியத்துக்கு உரியதல்ல.

பாம்பும் தேளும் பலருடைய முதல் பயம். பகலில், கண்ணெதிரே தரையைப் பார்த்து மெதுவாக நடப்பவர் பாம்பை மிதிப்பது அரிது. வெறுங்கால் நடை அந்தக் கவனத்தைத் தானாகவே கொண்டுவரும். ஆபத்து இருட்டில். சுருட்டை விரியனும் கொம்பு விரியனும் வெப்ப மாதங்களில் இரவில்தான் நடமாடும், தேளும் அப்படியே. அதனால் இரவு ஏற்றத்துக்கு மூடிய காலணியைத்தான் நான் சொல்வேன். உச்சியில் ஷூவைக் கழற்றி வைத்தால், மறுபடி மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள்.

செருப்பு

பாலை நிலத்து மனிதர்கள் காலங்காலமாக என்ன அணிந்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் வறண்ட மேட்டுநிலத்தில் ஃபோர்ட் ராக் குகையில் 1938-இல் லூதர் கிரெஸ்மன் என்ற தொல்லியலாளர் ஏராளமான செருப்புகளைத் தோண்டி எடுத்தார். புதர்ச்செடியின் பட்டையை முறுக்கிப் பின்னியவை அவை. வயது 9,000 ஆண்டுகளுக்கு மேல். மெக்சிகோவின் செப்புப் பள்ளத்தாக்கில் வாழும் ராராமுரி மக்கள் இன்றும் பழைய டயரை வெட்டி, தோல்வார் கோத்துச் செருப்பாகக் கட்டிக்கொண்டு மலைகளைக் கடக்கிறார்கள். அவர்களில் ஒருவரான மரியா லொரேனா ராமிரெஸ் 2017-இல் பாவாடையும் செருப்புமாக 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார். கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு தட்டு வேண்டும் என்றே முடிவெடுத்திருக்கிறார்கள். வெறுங்காலை விரும்புகிறவன் என்ற முறையில் இந்த உண்மையை நான் மிகுந்த மரியாதையோடு ஏற்கிறேன்.

சூட்டைத் தடுக்கும். கூர்க்கல்லைத் தடுக்கும். விரல்கள் விரிய இடம் தரும். உள்ளே போன மணல் தானே வெளியேறும். கால் வேகாது. கழற்றினால் பையில் இடம் அடைக்காது. இந்த ஒப்பீட்டில் குறைந்த எடைக்கு அதிகப் பயன் தருவது செருப்புதான்.

ஆனால் எல்லாச் செருப்பும் இதற்கு உதவாது. விரலிடுக்கு வாரை மட்டும் நம்பும் வீட்டுச் செருப்பு இறக்கத்தில் கழன்று ஆளைத் தள்ளும். குதிகாலையும் கணுக்காலையும் இழுத்துப் பிடிக்கும் வார் கட்டாயம். வியர்த்த கால் செங்குத்தான இறக்கத்தில் செருப்புக்குள்ளேயே முன்னோக்கி வழுக்கும். இதுதான் இதன் பெரிய குறை. உள்தட்டு சொரசொரப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், வழியில் கிள்ளு மண்ணைத் தூவித் துடைத்தாலும் கொஞ்சம் பிடிக்கும். பொடிக்கல் உள்ளே புகுந்து நிற்கவைக்கும், அதற்கு மருந்தில்லை, உதறிவிட்டு நடக்க வேண்டியதுதான். மேல்பாதம் வெயிலில் வெந்துவிடும் என்பதைப் பலர் மாலையில்தான் உணர்கிறார்கள். வார் போகும் கோடுகளை விட்டு மற்ற இடமெல்லாம் சிவந்திருக்கும். துணியோ வெயில் காப்புக் களிம்போ வேண்டும்.

மெல்லிய அடி ஷூ

வெறுங்காலுக்கும் ஷூவுக்கும் நடுவில் நிற்பது இது. நெகிழும் மெல்லிய அடி, உயரம் தூக்காத குதி, விரல்கள் விரிய இடம். தரையை ஓரளவு உணர முடியும், முள்ளும் மணலும் பக்கவாட்டில் வராது. வெயிலில் மட்டும் ஏமாற்றும். அடி மெல்லியது என்பதால் சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். செருப்பைப்போல் காலைத் தூக்கியதும் காற்று படாது. நீண்ட மதிய இறக்கத்தில் உள்ளே கால் வேகும்.

இதை வாங்கிய மறுவாரமே மலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் மெல்லடி ஷூவுக்கு மாறிய ஓட்டக்காரர்களை 10 வாரம் கவனித்த ஆய்வொன்று 2013-இல் வெளியானது. பழைய ஷூவிலேயே ஓடியவர்களைவிட இவர்களில் அதிகம் பேருக்குப் பாத எலும்புக்குள் அழுத்தத்தால் வரும் வீக்கம் தெரிந்தது. அந்த வகை ஷூவைச் செய்யும் வைப்ரம் நிறுவனம், காயம் குறையும் என்ற விளம்பரம் தொடர்பான வழக்கை 2014-இல் 37.5 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டது. மறுபக்கம், 2019-இல் வந்த இன்னோர் ஆய்வில் மெல்லடி ஷூவில் வெறுமனே நடந்தவர்களுக்கே பாதத் தசை வலுத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் செய்தி தெளிவு. தசை வாரங்களில் பழகும், எலும்புக்கு மாதங்கள் வேண்டும்.

பூட்ஸ்

1935-இல் ஆல்ப்ஸ் மலையில் தன்னோடு வந்த ஆறு பேர் இறந்ததைக் கண்ட இத்தாலிய மலையேற்றக்காரர் விட்டாலே பிரமானி, பனிக்கும் பாறைக்கும் சேர்ந்து உதவும்படி பள்ளம் பள்ளமாக ரப்பர் அடியை உருவாக்கினார். 1937-இல் வந்த அந்த வடிவம்தான் இன்றைய பூட்ஸின் மூதாதை. சேறும் பனியும் உள்ள மலையில் அதன் அருமை தெரியும். காய்ந்த பாறைச் சரிவில் அந்தப் பள்ளங்கள் ரப்பர் கல்லைத் தொடும் பரப்பைக் குறைக்கின்றன. அங்கே தட்டையான அடியே நன்றாக ஒட்டும்.

ஆனாலும் கள்ளி உதிர்ந்த சரிவு, எரிமலைப் பாறை, பாதையே இல்லாத சரளைக் குவியல், கனத்த பை, இரவு நடை ஆகியவற்றில் பூட்ஸ்தான் சரி. சரளை இறக்கத்தில் குதியை ஊன்றிச் சறுக்கி இறங்கும் வசதி வேறெதிலும் இல்லை. கால் வேகும், கனம் இழுக்கும், மணல் உள்ளே புகுந்தால் கொப்புளம் போடும். மணலுக்குக் கணுக்காலைச் சுற்றி உறை கட்டலாம், மற்ற இரண்டையும் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். பல வருடம் பெட்டியில் கிடந்த பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பாலியூரித்தேன் நடுத்தட்டு பயன்படுத்தாமலே உளுத்து, நடுவழியில் அடி பெயர்ந்து விழும்.

என் தேர்வு

ஏற வெறுங்கால், இறங்கச் செருப்பு. மணற்கல், கருங்கல் மலைகளில், குளிர்ந்த மாதங்களில், பகல் வெளிச்சத்தில் போகும் பழகிய காலுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஏற்றத்தில் வெறுங்கால் தரும் நன்மை முழுதும் கிடைக்கிறது. இறக்கத்தில் அது கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. முழு மலையையும் வெறுங்காலில் முடித்தேன் என்ற பெருமைக்காகச் செருப்பை வீட்டில் விட்டு வருவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். வழிபாட்டு நோக்கோடு வெறுங்காலில் ஏறுபவர்களுக்கும் இதையே சொல்வேன். பையில் செருப்பு இருப்பது நேர்ச்சையைக் குறைக்காது. வெந்த காலோடு நடுமலையில் நிற்பவரைச் சுமந்து இறக்க இன்னும் நாலு பேர் வேண்டும்.

கால் பழகாதவர்கள் செருப்பில் ஏறி, உச்சிக்கு அருகே நல்ல பாறை வந்ததும் கொஞ்ச தூரம் கழற்றி நடந்து பார்க்கலாம். தொடக்கத்துக்கு அது போதும். முழு ஏற்றத்துக்குத் தயாராக, பல மாதங்கள் கரடுமுரடான தரையில் சிறிது சிறிதாக நடந்து வர வேண்டும். அடுத்த நாள் காலையில் பாதத்தின் நடுவில் ஒரே இடத்தில் வலி நின்றால் தோல் தயார், எலும்பு தயாரில்லை என்று பொருள்.

நீரிழிவால் கால் உணர்வு குறைந்தவர்கள் எந்தத் தரையிலும், எந்த நேரத்திலும், வெறுங்காலில் ஏறக் கூடாது. சூடு சுடுவதே அவர்களுக்குத் தெரியாது. சிறு கொப்புளம் ஆறாப் புண்ணாகும். கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதே விதி. குழந்தைகளின் உள்ளங்கால் மெல்லியது, வலியைச் சொல்லவும் தாமதிப்பார்கள்.

திரும்பும் நேரத்தை உச்சியில் முடிவு செய்யாமல் அடிவாரத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வழியில் புறங்கைச் சோதனையில் பாறை தோற்றுவிட்டால், உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும் செருப்பை மாட்டுங்கள். தண்ணீரை வேகமான நடைக்கு ஏற்பக் கணக்கிடாமல் உங்கள் மெதுவான நடைக்கு ஏற்பக் கணக்கிடுங்கள். பையில் இடுக்கி, சீப்பு, கட்டுத்துணி, ஒட்டும் பட்டை இருக்கட்டும்.

இறங்கியதும் கால்களைக் கழுவி, வெளிச்சத்தில் விரலிடுக்கு உட்பட நன்றாகப் பார்த்து, ஒடிந்த முள் ஏதும் உள்ளே நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால் மலைக்குப் போகும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. மண் படிந்த ஆழமான குத்துக்கு 5 ஆண்டு கடந்திருந்தாலே மறுபடி போடச் சொல்வார்கள். குத்திய இடம் இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறையாமல் கூடினால் மருத்துவரிடம் போங்கள். அந்த முள் வெறுங்காலில் குத்தியதா, ஷூவின் அடியைத் துளைத்துக் குத்தியதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொடுக்க வேண்டிய மருந்து அதைப் பொறுத்து மாறலாம்.